பக்கிங்காம் கால்வாயில் மறுபடி தோணி போக வழி விடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும் இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்தாருக்கும் வணக்கம்.

நான் எண்ணூரில் பிறந்து வளர்ந்தவன். என் பாட்டனார் பக்கிங்காம் கால்வாயில் விறகுத் தோணி ஓட்டியவர். ஆந்திரப் பக்கமிருந்து சவுக்கு விறகை ஏற்றிக்கொண்டு பேசின் பாலம் வரை வருவார்கள். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றுவார்கள். அதற்கும் நகராத இடத்தில் ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். அந்தக் கயிறு அழுத்திய தழும்பு, தடவிப் பார்த்தால் கையில் தட்டுப்படும் அளவுக்குத் தடித்து, அவருடைய வலது தோளில் கடைசிவரை இருந்தது.

அவர் அலுக்காமல் பேசியது லாக்கைப் பற்றித்தான், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கித் தோணியைக் கடத்திவிடும் இரட்டைக் கதவு அடைப்பைப் பற்றி. தோணி உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவின் அடியில் இருக்கும் சிறு மதகைத் திறப்பார்கள். தண்ணீர் பக்கச்சுவரில் ஒவ்வொரு கல்வரியாக ஏறும், அல்லது இறங்கும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும் வரை எத்தனை பேர் தள்ளினாலும் அசையாத கதவு, மட்டம் சேர்ந்ததும் இலகுவாகத் திறந்துகொள்ளும். கடலோரமாகவே ஓடும் இந்தக் கால்வாய் வழியில் பல ஆறுகளைக் குறுக்கே கடக்கிறது. கடலின் ஏற்றவற்றத்தால் தோணி தரைதட்டாமல் தண்ணீரைத் தேக்கி வைக்கவும், ஆற்று வெள்ளம் கால்வாய்க்குள் புகாமல் தடுக்கவும்தான் லாக்குகள் வைக்கப்பட்டன. திருவல்லிக்கேணிப் பக்கம் லாக் நகர் என்ற பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

1806இல் கொக்ரேன் கால்வாய் என்ற பெயரில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இந்த நீர்வழி, தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த மக்களின் உழைப்பால் 1877-78இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் கொண்டது. ரயிலும் லாரியும் சரக்கைப் பிடித்துக்கொண்டன. அறுபதுகளிலும் 1976இலும் அடித்த புயல்கள் கரைகளைச் சிதைத்தன. 2008இல் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக இது அறிவிக்கப்பட்டபோது, பாட்டனார் உயிரோடு இல்லையே என்று நான் வருந்தினேன்.

நகரின் நடுவே பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. அவற்றை அகற்றுங்கள் என்று யாரும் கேட்க முடியாது, நானும் கேட்கவில்லை. எண்ணூருக்கு வடக்கே, அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை உள்ள பகுதியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். அங்கே தூர்வாரும்போதும் பாலமோ குழாயோ மதகோ அமைக்கும்போதும், ஆட்களோடு ஒரு படகு தடையின்றிப் போகும் உயரத்தையும் அகலத்தையும் வரைபடத்திலேயே விட்டுவையுங்கள். தடுப்பு கட்டியே ஆக வேண்டிய இடத்தில் படகு கடக்க லாக்கும் சேர்த்துக் கட்டுங்கள். எஞ்சியிருக்கும் பழைய லாக் சுவர்களை, உறுதியைச் சோதித்துப் பார்க்காமல் இடித்துவிடாதீர்கள். மழைவெள்ளம் வடிவது முதன்மை என்பதை வெள்ளத்தில் நின்ற நாங்கள் நன்றாகவே அறிவோம். அதனால்தான் வடிகாலுக்கும் படகுக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்லவில்லை.

இதற்கு ஏக்கம் மட்டும் காரணமன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து இந்தக் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து சேர்ந்தது. அதை மீனவர்கள் தங்கள் படகுகளில் நின்று கையால் அள்ளினார்கள். நாள்தோறும் படகு போய்வரும் கால்வாயில் எண்ணெய்ப் படலத்தையும் இரவோடிரவாகக் கொட்டிய குப்பையையும் அன்றே ஒருவர் கண்டு சொல்வார். ஆள் நடமாட்டமில்லாத கால்வாயில் அவை ஊருக்குள் வந்த பிறகுதான் தெரிகின்றன.

அடுத்த முறை அளவெடுக்க வரும்போது, கரைமேல் ஜீப்பில் போகாமல் எண்ணூரிலிருந்து வடக்கே போக முடிந்த தூரம்வரை எங்கள் படகில் வாருங்கள். எந்தப் பாலம் தலையில் இடிக்கிறது, எங்கே சேறு துடுப்பைப் பிடித்துக்கொள்கிறது என்பதை உடனிருந்து காட்ட எங்கள் குப்பத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
எண்ணூர்த் தோணிக்காரர் ஒருவரின் பேரன்