ஒயின் குழு பிரிந்ததைப் பற்றி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள சேகருக்கு,

இங்கு அனைவரும் நலம். சின்னவள் படிப்பை முடித்து பங்சாரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஒயின் குழு பணத் தகராறினால் பிரிந்ததா என்று கேட்டிருந்தாய். ஒரு காசு தகராறும் கிடையாது. எது நல்ல போத்தல் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் வந்தது வினை.

நம் நாட்டு வரிச்சுமையில், சம்பளக்காரர் தனியாக வாங்கிச் சுவைத்துப் பழகுவது இயலாத காரியம் என்பதால், ஆளுக்கொரு போத்தல் கொண்டுவந்து, லேபிள் தெரியாதபடி துணி சுற்றி ஊற்றிப் பகிர்வதாகவே இக்குழு தொடங்கியது. உணவகத்தில் கூடினோமே தவிர, எவர் வீட்டிலும் கூடியதில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்களது கோரிக்கைகளில் ஒன்று; அந்த நினைவோடு வளர்ந்த நம் தாய்மார்களிடம் பிரெஞ்சு ஒயின் வேறு, கள்ளு வேறு என்று யார் போய் விளக்குவது?

வாங்கும் முன் சுவைக்க முடியாத பொருளுக்கு இன்னொருவரின் நாக்கை நம்பித்தான் ஆகவேண்டும். ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1978-இல் தொடங்கிய ஒயின் அட்வகேட் இதழ் வளர்ந்ததும் இதனால்தான். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் 1982-ஆம் ஆண்டு விளைந்த ஒயின்களை வேறு சில விமர்சகர்கள் ஐயத்தோடு பார்த்தபோது அவர் துணிந்து புகழ்ந்தார். அதன்பின் நூற்றுக்கு அவர் இட்ட மதிப்பெண்ணே விலையை ஏற்றவும் இறக்கவும் செய்தது. 2012-இல் இதழின் பெரும்பங்கைச் சிங்கப்பூர் முதலீட்டாளர்களுக்கு அவர் விற்றார். அடுத்த ஆண்டே அவருடைய விமர்சகர்களுள் ஒருவரான அந்தோனியோ கலோனி விலகி, வினஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கும் நூற்றுக்குத்தான் மதிப்பெண்! விலகியவர் அளவுகோலையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார்.

எங்கள் குழுவில் மதிப்பெண்ணை முழுதாக வெறுத்தவர்கள் இளையவர்கள். கெடாமல் காக்கும் சல்பைட் உப்பைச் சேர்க்காத இயற்கை ஒயினே ஒயின் என்பது அவர்கள் கட்சி. மூத்தவர்களோ அதைக் கலங்கிய புளித்தண்ணீர் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிதான், என் கணிப்பில், பிரிவை விரைவுபடுத்தியது. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் தனியே கூடும் அந்த இளையவர்கள், எந்தப் போத்தலை உள்ளே அனுமதிப்பது என்று அதற்குள் விதி எழுதிவிட்டார்கள். பிரான்சிலும் இதே கதைதான்: விதிகளை உதறிய இயற்கை ஒயின்காரர்களே 2020-இல் தங்களுக்கென ஒரு முத்திரையை ஏற்படுத்தி, லிட்டருக்கு 30 மில்லிகிராம் சல்பைட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

விதியை அவ்வப்போது திருத்தினால் சண்டை ஓயும் என்று நீ சொல்வாய். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. போர்தோவின் மெதோக் வட்டார ஒயின் பண்ணைகளுக்கான 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் முதல் தரத்துக்கு உயர்ந்தது மூட்டோன் ரோத்சில்டு என்ற பண்ணை ஒன்றுதான், அதுவும் 1973-இல். முணுமுணுப்போடு எல்லாரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். ஏறத்தாழ பத்தாண்டுக்கொரு முறை திருத்தப்படும், போர்தோவின் இன்னொரு பகுதியான சேன்ட் எமிலியோனின் பட்டியலோ நீதிமன்றப் படியேறியது. 2021-இல் அதன் உச்சியில் இருந்த ஒசோன், செவால் பிளாங்க் என்ற இரு பண்ணைகளும் மதிப்பீட்டு முறையை ஏற்காமல் விலகிக்கொண்டன.

நான் இரண்டு கூட்டத்துக்கும் போய்வருகிறேன். இரண்டிலும் என்னை ஒற்றனாகப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு நீ பினாங்கிலிருந்து வரும்போது இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்க எண்ணியிருக்கிறேன். துணி சுற்றும் வேலையை நீ ஏற்றுக்கொள்; உன்னை இன்னும் எந்தப் பக்கமும் சந்தேகிக்கவில்லை.

அன்புடன்,
முருகேசன்