பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மீத்தேன் வெளியேற்றத்தைப் பருவந்தோறும் அளக்கவும் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதிக் குடியிருப்போர் சார்பாக,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையம்,
சென்னை.

பொருள்: ராம்சர் தலமான (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்ட) பள்ளிக்கரணையில் மழைக்காலம், கோடைக்காலம், பகல், இரவு அனைத்தையும் உள்ளடக்கிய மீத்தேன் அளவீடு மேற்கொள்வதும் சதுப்பில் சேரும் கழிவுநீரை நிறுத்துவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பள்ளிக்கரணை சதுப்பு தன் கோடையை, அதாவது நீர் வற்றிச் சேறு காயும் காலத்தை, இழந்து நிற்கிறது. அந்த இழப்பால் சேற்றிலிருந்து எவ்வளவு மீத்தேன் கூடுதலாக வெளியேறுகிறது என்பதை ஆண்டு முழுவதும் அளந்து பார்க்க ஆணையம் ஏற்பாடு செய்ய வேண்டும். அளவீடு முடியட்டும் என்று காத்திராமல், கழிவுநீர் சதுப்பில் கலப்பதை இப்போதே தடுக்க வேண்டும். இவையே எங்கள் கோரிக்கைகள். இவற்றுக்கான காரணங்களைச் சற்று விரிவாக எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறோம்.

சதுப்பைப் பற்றிக் கூட்டங்களில் பேசும்போது பறவைகள், வெள்ளம், ஆக்கிரமிப்பு ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. இடம்பெற வேண்டியவைதாம். ஆனால் சேற்றுக்குள் நடக்கும் வேதிவினையை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு புவியை வெப்பமாக்கக் கூடியது. காற்றில் அதன் செறிவு தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட இன்று இரண்டரை மடங்குக்கு மேல். உலகில் இயற்கையாக மீத்தேனை வெளியிடும் மூலங்களில் ஈரநிலங்களே முதலிடம் வகிக்கின்றன. அவற்றிலும் வெப்பமண்டல ஈரநிலங்களின் பங்கு பெரிது. நாம் வாழ்வது அத்தகைய ஒன்றின் கரையில்.

நீரில் மூழ்கிய சேற்றில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். அதன்பின், மட்கும் இலைதழைகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளையும், அதற்கடுத்து சல்பேட்டையும் பயன்படுத்துகின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் தீர்ந்த பிறகே மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள் மேலோங்குகின்றன. உண்டான மீத்தேனில் ஒரு பகுதியை, ஆக்சிஜன் உள்ள மேலடுக்கில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் உண்டு தீர்த்துவிடும். தப்பியது மூன்று வழிகளில் வெளியேறும்: நீரில் கரைந்து மெல்ல மேலே பரவுவது ஒன்று, குமிழியாகக் கிளம்புவது மற்றொன்று, சம்பு, நாணல் போன்ற செடிகளின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே போவது மூன்றாவது. குமிழியாகவும் தண்டு வழியாகவும் போவதை மேலடுக்குப் பாக்டீரியாக்களால் பெரிதாகத் தடுக்க முடியாது. ஆகவே நீர் மாதிரியை மட்டும் எடுத்துச் சென்று ஆய்வகத்தில் சோதிப்பது போதாது.

பருவத்தைப் பற்றித் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டியதே இம்மனுவில் முக்கியம். கனடா, சைபீரியா, ஸ்காண்டிநேவியா போன்ற வடபுலங்களில் சதுப்புகள் குளிர்காலத்தில் உறைந்து, கோடையில் வெம்மை ஏற ஏற மீத்தேனைக் கூடுதலாக வெளியிடுகின்றன. அங்கே பருவத்தை ஆள்வது பெரும்பாலும் வெப்பநிலை. உலக அளவில் தொடர் அளவீட்டு நிலையங்கள் மிகுதியாக இருப்பதும் அப்பகுதிகளிலேயே. கணிப்புச் சமன்பாடுகள் பலவும் அந்தத் தரவுகளைக் கொண்டு சரிபார்க்கப்பட்டவை. சென்னையில் நிலைமை வேறு. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பு நிறைந்து நிற்கும் மார்கழியில் குளிர்ச்சி. வெயில் உச்சம் தொடும் அக்னி நட்சத்திர நாட்களில், இயற்கை முறைப்படி, நீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடக்க வேண்டும். நீரும் வெப்பமும் இங்கே ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை.

அப்படியானால் மீத்தேன் எப்போது மிகும்? மழை தொடங்கியதும் மிகாது. கோடையில் காய்ந்து காற்றுப்பட்ட சேற்றில் இரும்பு ஆக்சைடும் சல்பேட்டும் மீண்டும் உருவாகியிருக்கும். அவை தீரும் வரை மீத்தேன் உற்பத்தி தாமதப்படும். நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் மீத்தேன் குறைவதும் இதே காரணத்தால்தான். மழை ஓய்ந்து, நீர் தேங்கி, மூழ்கிய செடிகள் அழுகத் தொடங்கி, வெயில் மெல்ல ஏறும் தை முதல் பங்குனி வரையிலான காலத்தில் அது உச்சத்துக்கு வரக்கூடும் என்பது வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் என் எதிர்பார்ப்பு. நீர்மட்டம் இறங்கும்போது சேற்றின் மீதான அழுத்தம் குறைந்து, அடைபட்டிருந்த குமிழிகள் கூட்டமாக வெளியேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தம் சடுதியில் வீழ்ந்தாலும் குமிழிகள் கிளம்பும். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் எனப் புயல்களைக் கண்ட ஊர் இது. ஆண்டில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பகல்பொழுதில் எடுக்கும் மாதிரி இவற்றில் எதையும் காட்டாது. எதிர்பார்ப்பு சரியா தவறா என்பதை ஆண்டு முழுவதும் அளந்தால்தான் சொல்ல முடியும்.

இப்போது கோடை இழப்புக்கு வருகிறேன். சுற்றுவட்டாரத்தில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து ஏரிகள் வழியாக வழிந்துவரும் மழைநீரைத் தாங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் விட்டு, கோவளம் முகத்துவாரம் வரை அனுப்புவது இந்தச் சதுப்புவெளியின் இயல்பு. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். இந்தச் சுருக்கம் சதுப்புக்குக் கேடு இல்லை. அதன் வாழ்க்கை முறையே அதுதான். சேறு மூச்சு விடும் காலம் அது. இன்று ஏரிகளிலிருந்து வரும் ஓடைகளில் மழை இல்லாத மாதங்களிலும் கறுத்த நீர் ஓடுகிறது. சித்திரை வெயிலில் வறண்டிருக்க வேண்டிய பள்ளங்களில் துர்நாற்றத்துடன் நீர் நிற்கிறது. ஆகாயத்தாமரை அடர்ந்து மூடுகிறது. ஓடையோரம் நின்று பார்த்தால் குமிழிகள் இடைவிடாமல் எழுவதைக் கண்ணாலேயே காணலாம். ஆண்டிலேயே அதிக வெப்பம் நிலவும் மாதங்களில், ஆண்டிலேயே அதிகச் செறிவுள்ள உயிர்க்கழிவு, வற்றாத நீரில் தேங்கினால், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அதைவிடச் சாதகமான சூழலை நாமே திட்டமிட்டு அமைத்தாலும் அமைக்க முடியாது. இயற்கை பிரித்து வைத்திருந்த நீரையும் வெப்பத்தையும் கழிவுநீர் ஒன்றுசேர்த்துவிட்டது.

உப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பள்ளிக்கரணை நன்னீர்ச் சதுப்பு; ஓரளவு உவர்ப்பும் கலந்தது. கடல்நீரில் சல்பேட் மிகுதி. சல்பேட் இருக்கும் வரை அதைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களே உணவுப் போட்டியில் வெல்லும். மீத்தேன் உற்பத்தி அடங்கியே இருக்கும். கோடையில் ஏறும் உவர்ப்பு ஒரு தடுப்பாக இருந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வந்து சேரும் உப்பற்ற கழிவுநீர் அந்தத் தடுப்பையும் நீர்த்துப்போகச் செய்கிறது. தென்பகுதியிலும் ஒக்கியம் மடுவை ஒட்டிய பகுதியிலும் உவர்ப்பையும் மீத்தேனையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். பெருங்குடிப் பகுதியில் பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட இடமும் தனியே மீத்தேனை வெளியிடும். அதைச் சதுப்பின் கணக்கோடு கலந்துவிடக் கூடாது.

அளவீடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1990-ஐ ஒட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு ஒன்று, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 38 மில்லியன் டன் மீத்தேனை வெளியிடுவதாகக் கூறியது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்திய நாடு தழுவிய நேரடி அளவீடு, அது சுமார் 4 மில்லியன் டன் மட்டுமே என்று காட்டியது. வயலில் இறங்கி அளந்ததால்தான் நம் உழவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி விலகியது. சதுப்புகளுக்கு அப்படி ஓர் அளவீடு இல்லாவிட்டால், வடபுலத் தரவுகளால் செய்த சமன்பாடு சொல்லும் எண்ணே நம் எண்ணாகிவிடும். அது மிகையாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். இரண்டுமே நமக்குக் கேடு.

நாங்கள் கேட்பது முன்மாதிரி இல்லாத முயற்சியும் அன்று. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர். பூர்வஜா, ஆர். ரமேஷ் ஆகியோர் தென்னிந்தியக் கடலோர ஈரநிலங்களில் இயற்கையாக எழும் மீத்தேனையும் மனிதச் செயலால் எழுவதையும் ஆராய்ந்து 2001-இல் கட்டுரை வெளியிட்டனர். மாசு கலந்த இடங்களில் வெளியேற்றம் கூடுதல் என்பதை அது காட்டியது. திறமையாளர்களும் கருவிகளும் இந்நகரிலேயே இருக்கின்றனர். தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், காற்றை அளப்பதையே தொழிலாகக் கொண்ட தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் பள்ளிக்கரணையிலேயே அமைந்துள்ளன. சதுப்பின் மேல் வீசும் காற்றின் சுழிப்பையும் அதில் உள்ள மீத்தேனையும் ஒருசேரப் பதிவு செய்யும் கோபுரம் ஒன்றை நிறுவ இதைவிடப் பொருத்தமான அண்டை வீடு எந்த ஈரநிலத்துக்கும் வாய்க்காது.

ஓர் அச்சத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சதுப்பு மீத்தேனை வெளியிடுகிறது என்று நாங்கள் எழுதுவதைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் மண் கொட்டி நிரப்பிவிடலாமே என்று வாதிட ஆள் இருக்கிறார்கள். அதை முழு வலிமையோடு மறுக்கிறோம். ஈரநிலச் சேறு காலங்காலமாகக் கார்பனைப் புதைத்து வைத்திருக்கிறது. அதை வடித்துக் காயவைத்தால் அந்தக் கார்பன் காற்றில் சேரும். மீத்தேன் காற்றில் ஏறத்தாழ பத்தாண்டுகளே நிலைப்பதால், ஒரு சதுப்பு ஆயிரமாண்டுகளாக ஒரே அளவில் வெளியிட்டு வருவது காற்றில் உள்ள அளவைப் புதிதாக உயர்த்துவதில்லை. உயர்த்துவது நாம் கூட்டிய பங்கு. கழிவுநீரால் எழும் மீத்தேன் மனிதர் பொறுப்பு. அதைச் சதுப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த இந்நிலம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதும், 2015 வெள்ளத்தில் அதன் விலையை இப்பகுதி மக்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதும் ஆணையம் அறிந்தவையே.

எனவே ஆணையம், தகுதி வாய்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்றின் வழியே, குறைந்தது இரண்டு முழு வடகிழக்குப் பருவச் சுழற்சிகளுக்கு அளவீடு நடத்த ஆவன செய்ய வேண்டுகிறோம். நீர்ப்பரப்பிலிருந்து எழும் வாயுவைப் பிடிக்கும் மிதவை மூடறைகள், குமிழி பிடிக்கும் கவிழ்ந்த புனல்கள், செடிகளை உள்ளடக்கும் உயரமான மூடறைகள் ஆகிய மூன்றும் தேவை. திறந்த நீர்ப்பரப்பு, சம்புப் புதர், ஆகாயத்தாமரை மூடிய பகுதி, கழிவுநீர் சேரும் முகம், ஒக்கியம் மடுவு ஓரம் என வேறுபட்ட இடங்களில், மாதம் இருமுறையாவது, இரவையும் சேர்த்து அளக்க வேண்டும். செறிவான கழிவு கலந்த நீரில் ஆக்சிஜன் இரவில் வெகுவாகக் குறையும் என்பதால் இரவு அளவீட்டை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. நீர்மட்டம், நீரின் வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், உவர்ப்பு, காற்றழுத்தம் ஆகியவை உடன் பதிவாக வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வேடந்தாங்கலையோ கரிக்கிலியையோ சேர்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறோம். இரண்டும் 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற நன்னீர் ஏரிகள். அதே பருவமழையில் நிறைந்து, கோடையில் வற்றுபவை. பறவை எச்சத்தால் சத்து மிகுந்த நீர் வேடந்தாங்கலிலும் உண்டு; ஆனால் அங்கே கோடை இன்னும் கோடையாகவே வருகிறது. அத்தகைய ஏரியையும் பள்ளிக்கரணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இங்கே இயற்கையின் பங்கு எது, நம் பங்கு எது என்று பிரிப்பது எளிதாகும்.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 நகரங்களின் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை ஈரநிலங்களில் விடுவதைத் தடை செய்கிறது. அந்த விதியை நடைமுறைப்படுத்தச் சதுப்பில் சேரும் ஒவ்வொரு கழிவுநீர் முகத்தையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் எப்போது அடைப்பது என்ற காலவரையுடன் வெளியிட வேண்டும். ஆகாயத்தாமரையை அகற்றும்போது கரையிலோ ஆழமற்ற நீரிலோ குவித்து அழுகவிடாமல், பருவமழைக்கு முன்பே வெளியே கொண்டுபோய் உரமாக்க ஒப்பந்த நிபந்தனையிலேயே இடம் வேண்டும். சதுப்பு இவ்வளவு கார்பனைச் சேமிக்கிறது என்று எந்த அறிக்கையிலும் கணக்குக் காட்டுமுன், வெளியேறும் மீத்தேனைக் கழித்த நிகர அளவே காட்டப்பட வேண்டும். அளவீட்டுத் தரவுகள் மாதந்தோறும், தமிழிலும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, சேறு ஓரளவாவது காய்ந்திருக்கும் நிலையில், முதல் அளவீடு தொடங்கினால்தான் மழைக்குப் பிந்தைய மாற்றம் முழுமையாகப் பதிவாகும். ஆகையால் இம்மனு மீது எடுக்கும் முடிவை 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், விளக்கம் தேவைப்பட்டால் எங்களை நேரில் அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கருவிகளைக் காவல் காப்பது, நீர்மட்ட அளவுகோலைத் தினமும் படித்துக் குறிப்பது போன்ற பணிகளுக்கு இப்பகுதிப் பள்ளி மாணவர்களையும் குடியிருப்போரையும் ஊதியமின்றி ஈடுபடுத்த நாங்கள் பொறுப்பேற்கிறோம்.

இடம்: பள்ளிக்கரணை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதிக் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: மாவட்ட ஆட்சியர், சென்னை; மாவட்ட ஆட்சியர், செங்கல்பட்டு.