பவுடர் டப்பாவின் அடியில் கிடந்த அழைப்புச் சீட்டு: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குளம் வட்டத்தில் 29 ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, நடந்ததைச் சொல்லி உங்களிடம் சில கோரிக்கைகள் வைக்க வேண்டும்.

மைனி அண்டியாபீஸில் முந்திரிப்பருப்புத் தோல் உரித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். போன வருடம் இடது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை, அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன ஒரே ஆள், கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுக் குடல் பவுடர் விற்ற ஒரு பெண்மணி. டப்பா 2,800 ரூபாய். நான் போனபோது டிவி மேசையில் மூன்றாவது டப்பா பாதி காலியாகியிருந்தது. "பிள்ளே, வயித்துல நல்ல கிருமி கூடினா கட்டி தானா கரைஞ்சி போவுமாம். வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காவளாம்" என்றார். டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். அடியில், வட்டக் கறை படிந்து, புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லும் அரசு அழைப்புச் சீட்டு. வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டங்களில்தான் அது முதலில் தொடங்கியது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை, வீடு தேடி வரும் அழைப்பு. நம் மாவட்டம் அந்த நான்கில் ஒன்றாக இருந்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் சீட்டைக் கொண்டுவந்தவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். பவுடர் விற்றவரோ மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

அவர் பேசியதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருந்தது. அதனால்தான் அது எடுபட்டது. குடல் பாக்டீரியாவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் தீவிரமாகத்தான் பார்த்து வருகிறார்கள். நம் உடம்பு பயன்படுத்தி முடித்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைக் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. மலத்தோடு வெளியே போக வேண்டிய சரக்கு அது. குடலில் சில பாக்டீரியாக்களிடம் பீட்டா குளூக்குரோனிடேஸ் என்ற நொதி உண்டு. அது பொட்டலத்தை அவிழ்த்துவிடும். அவிழ்ந்த ஈஸ்ட்ரோஜன் மறுபடி ரத்தத்தில் ஏறும். இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக் கூட்டத்துக்கு 2011-ல் எஸ்ட்ரோபோலோம் என்றே பெயர் வைத்தார்கள். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளர்கிற வகை. ஆகவே இந்தச் சந்தேகத்தை யாரும் தள்ளிவிட முடியாது.

எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். பாக்டீராய்டிஸ் ஃப்ராஜிலிஸ் என்ற குடல் பாக்டீரியாவில் நஞ்சு சுரக்கும் ஒருவகை, எலிகளில் மார்பகக் கட்டி வளரவும் பரவவும் துணைபோகிறது என்று 2021-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைக் குலைத்த எலிகளில் கட்டி நுரையீரல் வரை அதிகமாகப் பரவியதைக் கண்டார்கள். எல்லாம் எலியில். பவுடரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் ஒரு பெண்ணின் மார்பில் இருக்கும் கட்டி கரையும் என்று எந்த ஆராய்ச்சியும் நிரூபிக்கவில்லை. மைனியிடம் இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். கீமோ மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில், உயிருள்ள பாக்டீரியா அடங்கிய பவுடர் அபூர்வமாக ரத்தத்திலேயே தொற்றை உண்டாக்கிவிடும். அந்த நாட்களில் பழங்கஞ்சியைக் கூட டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மற்றபடி குடலுக்கு நல்லது செய்ய 2,800 ரூபாய் எதற்கு? 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 8 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய அளவுதான், நேரடிக் காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிறுபயறும் முருங்கைக்கீரையும் சம்பா அரிசிச் சோறும் மட்டிப்பழமும் நம் வீடுகளில் இருக்கிறவைதானே. இதை ஒரு செவிலியர் சொன்னால் மைனி கேட்டிருப்பார்.

2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் பெண்களுக்குக் கைகொடுப்பது சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான்.

ஆட்சியர் அவர்களே, அழைப்புச் சீட்டோடு ஐந்து நிமிடப் பேச்சும் போகட்டும். வீட்டில் முடியாவிட்டால் அண்டியாபீஸ்களில் மதியச் சோற்று நேரத்தில், சுய உதவிக் குழுக் கூட்டத்தில், கடற்கரை ஊர்களில் பூசை முடிந்து பெண்கள் நிற்கும் இடத்தில். குடலைப் பற்றிப் பெண்கள் கேட்டால் மழுப்பாமல், தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று சொல்லும்படி செவிலியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சி கொடுங்கள். கட்டி தட்டுப்பட்டால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லட்டும்.

மண்டபக் கூட்டங்களுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப்பொருளைப் பொய் சொல்லி விளம்பரப்படுத்தினால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மண்டபத்துக்கு ஒரு அதிகாரி போய் நின்றாலே பாதிக் கூட்டம் நடக்காது.

மருந்துக்கடைகளில் டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதையும் பாருங்கள். எலி ஆய்வை விட்டுவிட்டாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது ஒன்றே போதுமான காரணம். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் 2024 தொடக்கத்திலிருந்து இதற்கென்றே கடைகளில் சோதனை நடத்துகிறார்கள். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் குடல் கெடும் என்று பயந்து நிறுத்திவிடக் கூடாது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மைனி இப்போது திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சையில் இருக்கிறார். கட்டி அக்குள் வரை போயிருந்தது. முடி கொட்டிவிட்டது, பேச்சு குறையவில்லை. அந்த மூன்று டப்பாவையும், மண்டபத்தில் கொடுத்த நோட்டீசையும், கறை படிந்த அழைப்புச் சீட்டையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நாகர்கோவிலுக்கு எடுத்து வருகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை