குளிர வைத்துச் சோதியுங்கள்: மதர்போர்டு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேவைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

குளிர்ந்த காலைகளில் எங்கள் கம்ப்யூட்டர் கிளம்ப மறுக்கிறது. அதன் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறையாக உங்கள் கோவை சர்வீஸ் சென்டரிலிருந்து வீடு திரும்பியது. முதல் தடவை ஜாப் ஷீட்டில் "குறை எதுவும் இல்லை" என்று இருந்தது. இரண்டாம் தடவையும் அதே வரிதான். இந்த முறை "ஈரப்பதத்தால் பாதிப்பு, வாரண்டி பொருந்தாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் குறையே இல்லாத போர்டு ஜனவரிக்குள் எப்படி ஈரத்தில் கெட்டது என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பில்லில் முகவரியைப் பார்த்துவிட்டு, "கோத்தகிரியா? மலையில பனி இறங்குமே மேடம், அதான்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவது என்று முடிவு செய்தேன். ஜாப் ஷீட் எண்களும் நான் அனுப்பிய மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. என் கோரிக்கை ஒன்றே ஒன்று. போர்டை ஓர் இரவு குளிர வைத்து, நினைவகப் பட்டையான ரேமை அதைச் செருகும் நான்கு ஸ்லாட்டிலும் போட்டுச் சோதித்து, கண்டதை எழுதித் தாருங்கள்.

ஏன் குளிர வைக்கச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் சென்டரில் யாரும் அதைக் காதில் வாங்கவே இல்லை.

கம்ப்யூட்டர் என் தம்பியுடையது. மார்ச் மாதம் பாகம் பாகமாக வாங்கி அவனே பொருத்தினான். அக்டோபர் வரை ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலை சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் இருக்கும் நான்கு சின்ன விளக்குகளில் ரேமுக்கான விளக்கு மட்டும் எரிந்தபடியே நின்றது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் அதே கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது. மறுநாள் காலை மறுபடியும் அந்த விளக்கு.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். ரேம் இரண்டையும் கழற்றி, முனைகளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இரண்டு பக்கமும் க்ளிக் என்று பூட்டு விழும்வரை அழுத்திப் பொருத்தினோம். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து ரேமை அதன் அடிப்படை வேகத்திலேயே ஓட விட்டோம். பட்டன் பேட்டரியைக் கழற்றி பயாஸ், அதாவது போர்டைக் கிளப்பும் மென்பொருளின் அமைப்புகளை அழித்தோம். பயாஸின் புதிய பதிப்பை ஏற்றினோம். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தோம். காலையில் அந்த விளக்கு எரிவது நிற்கவில்லை.

பிறகு ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான்கு ஸ்லாட்டும் ஏ1, ஏ2, பி1, பி2 என்று இரண்டு வரிசை. எந்த ரேமை ஏ வரிசை ஸ்லாட்டில் போட்டாலும் எந்தக் குளிரிலும் கிளம்புகிறது. அதே ரேமை பி வரிசையின் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் குளிரில் கிளம்ப மறுக்கிறது. குறை ரேமில் என்றால், ரேம்களை இடம் மாற்றும்போது குறையும் கூடவே இடம் மாற வேண்டும். மாறவில்லை, பி வரிசையிலேயே நின்றது. ஏ2 ஸ்லாட்டில் ஒவ்வொரு ரேமையும் தனித்தனியே வைத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை இரவு முழுக்க ஓட்டினோம். ஒரு பிழைகூட இல்லை. இரண்டையும் ஏ2, பி2 என்று வழக்கமான இடங்களில் வைத்து, போர்டு பாதி சூடான நேரத்தில் ஓட்டினால் முதல் சுற்றில் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் கொட்டுகின்றன. அடுத்த சுற்றுகளில் போர்டு சூடேறியதும் அவை நின்றுவிடுகின்றன.

ப்ராசஸர் காரணமாக இருக்கலாமே என்று உங்கள் டெக்னீஷியன் கேட்டார். நியாயமான கேள்வி. 2008-இல் வந்த முதல் கோர் ஐ7 காலத்திலிருந்து இன்டெல்லில் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலோ, அதன் மேல் இருக்கும் கூலரை ஒரு பக்கமாக இறுக்கினாலோகூட ஒரு வரிசை ரேம் காணாமல் போகும். அதனால்தான் கூலரைக் கழற்றி மூலைக்கு மூலை சமமாக இறுக்கிப் பார்த்தோம். சாக்கெட்டை டார்ச் அடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். பின் எதுவும் வளையவில்லை. உங்கள் ஆட்களும் வளைந்ததாகச் சொல்லவில்லை. கடைசித் தடவை போர்டு உங்களிடம் இருந்த 12 நாளும் எங்கள் ப்ராசஸரும் ரேம்களும் குன்னூரில் தம்பியின் நண்பன் வீட்டில் வேறொரு போர்டில் ஓடின. அங்கேயும் இதே ஜனவரிக் குளிர்தான். ஒரு காலைகூடத் தவறவில்லை.

ஆக, மிஞ்சுவது போர்டு. பி வரிசைக்குப் போகும் இணைப்பில் எங்கோ ஒரு சால்டர் முனையில் மெல்லிய விரிசல் இருக்கலாம் என்பது என் ஊகம். குளிரில் உலோகம் சுருங்கும்போது அது விட்டுப் போகிறது, சூடு ஏறினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஊகம் தவறாக இருக்கலாம், கண்டுபிடிக்கும் கருவிகள் உங்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் குளிரில் மட்டும் தெரியும் குறையைக் கோவையின் மதிய வெயிலில் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்?

இதைத் தம்பி ஒரு நோட்டில் எழுதியே வைத்திருக்கிறான். டிசம்பர் 8 முதல் 30 வரை 23 காலைகள், மேசை மேல் தெர்மாமீட்டர் வைத்து. அறை 12 டிகிரிக்குக் கீழே இருந்த 11 காலைகளில் 10 நாள் கிளம்பவில்லை. 12-க்கும் 16-க்கும் நடுவில் இருந்த 7 நாட்களில் 4 நாள் கிளம்பவில்லை. 16-க்கு மேல் இருந்த 5 நாட்களில் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை. நோட்டுப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். மூன்றாம் தடவை நேரிலும் கொடுத்தேன். வாங்கி மேசை ஓரத்தில் வைத்தார்கள். நான் கிளம்பும்போதும் அது வைத்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாம் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்பிக்குக் கல்லூரித் தேர்வு என்பதால் நான் போனேன். தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. மாதக் கடைசியில் லீவு கிடைக்காது என்பதால் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். போர்டை அதன் சாம்பல் நிறக் கவரில் போட்டு, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் என் ஸ்வெட்டரைத் திணித்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் உட்கார்ந்தேன். குஞ்சப்பனைக்கு மேலே மரம் விழுந்து கிடந்தது. மழையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கோவையில் டவுன் பஸ் பிடித்து உங்கள் படியேறும்போது மணி பன்னிரண்டே முக்கால். டோக்கன் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரம், இரண்டு மணிக்கு மேல் வாருங்கள் என்றார்கள்.

இரண்டேகாலுக்குக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் போர்டை மேசையில் வைத்தார். உங்கள் ரேம் ஒன்றை எடுத்து ஏ2 ஸ்லாட்டில் செருகினார். திரை வந்தது. "ஓகே மேடம், நல்லா இருக்கு" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பி2-வில் போட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். "ஒண்ணு வந்தா எல்லாம் வரும்" என்றார். மறுபடி கேட்டேன். போட்டார், வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் அன்று முப்பது டிகிரியாவது இருந்திருக்கும். குளிரில்தான் வராது என்று விளக்கினேன். "வீட்ல தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வரும்போது அரவேணு தாண்டிப் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பஸ் ஊர்ந்துதான் வந்தது. ஸ்டாப்பில் தம்பி குடையோடு நின்றான். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான், ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பொருத்தினான். காலை ஐந்தரைக்கு எழுந்து சுவிட்சைப் போட்டபோது பக்கத்தில் நானும் நின்றேன். ஃபேன் சுற்றியது. அந்த ஒரு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஒரு நாள் சம்பளம், போக வர ஆறேழு மணி நேர பஸ், எல்லாம் அந்த விளக்கில் போய் முடிந்தது.

இப்போது ஈரப்பதம் பற்றி. ஈரம் போர்டைக் கெடுத்திருந்தால் தடயம் இருக்க வேண்டும். செம்புப் பாதையில் பச்சை, சால்டரில் வெள்ளைப் பொடி, ஸ்லாட் முனைகளில் கறை என்று ஏதாவது ஒன்று. எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன், காட்டவில்லை. படம் கேட்டேன், எடுக்கவில்லை என்றார்கள். பனி எல்லாப் பொருளின் மேலும் இறங்கிவிடாது. சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்த பொருளின் மேல்தான் நீர் கோக்கும். ஓடுகிற கம்ப்யூட்டர் எப்போதும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஓடாத நேரத்தில் எங்கள் கேபினெட் மேல் துணி உறை, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை. சொல்லப்போனால், குளிர்ந்த போர்டை மலையிலிருந்து இறக்கி உடனே கவரைப் பிரித்தால்தான் கோவையின் வெக்கையில் அதன் மேல் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். அதற்காகவே கவரை உடனே பிரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினோம்.

குளிரைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கவும் முடியாது. இப்படிப்பட்ட சாதாரண வணிகத் தரச் சில்லுகள் 0 முதல் 70 டிகிரி வரை வேலை செய்யவே செய்யப்படுகின்றன. கோத்தகிரி வீட்டுக்குள் 10 டிகிரி என்பது அந்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருக்கிறது. மலையில் வாழ்வதே வாரண்டி மீறல் என்றால், விற்பதற்கு முன்னால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும்.

விற்கும்போது எங்கள் பின்கோடு உங்களுக்குத் தூரமாக இல்லை. பெட்டி வாசல்வரை வந்தது. குறை என்று சொன்னதும் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி எங்கள் பகுதிக்கு இல்லை என்று பதில் வந்தது. மாவட்டம் முழுவதிலும் கொடுத்து வாங்க உங்களுக்கு ஒரு மேசைகூட இல்லை. கூடலூர்க்காரர்கள் எங்களைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி, கல்லூரி, கோர்ட் என்று எதற்கெடுத்தாலும் மலை இறங்கிப் பழகியவர்கள்தான் நாங்கள். பழகிவிட்டோம் என்பதற்காக ஒரே காரியத்துக்கு மூன்று தடவை இறங்க வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

கேம் விளையாடத்தானே, இதற்கு இவ்வளவா என்று யாராவது நினைக்கலாம். ஆமாம், அவன் விளையாடுகிறான். அதே கம்ப்யூட்டரில்தான் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவங்கள் செய்யப் பழகுகிறான், கல்லூரி வேலைகளைச் செய்கிறான். அம்மா சீட்டு எடுத்த பணமும் என் போனஸும் அதில் இருக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு விலை நிற்காத ஊரில் அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். விளையாட்டுக்கு வாங்கிய பொருள் என்பதால் மூன்று வருட வாரண்டி குறைந்துவிடாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஊட்டியில் ஆணையம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே போக எனக்கு விருப்பமில்லை. இது வழக்காக வேண்டிய விஷயமே இல்லை. ஒரு போர்டை ஒழுங்காகச் சோதித்தால் தீர்ந்துவிடும்.

உங்கள் டெக்னீஷியன்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. அன்று அந்த ஒருவர் முன்னால் முப்பது டோக்கனாவது காத்திருந்தது. அவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அதனால் உங்களிடமே மறுபடி தாழ்மையாகக் கேட்கிறேன். போர்டை ஏசி அறையில் 16 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள், முடிந்தால் அதற்கும் கீழே. குளிர் மாறுவதற்குள் பி வரிசையில் ரேம் போட்டுக் கிளப்பிப் பாருங்கள். முதல் நாள் கிளம்பிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று நாள் அதையே செய்யுங்கள். குறை தெரிந்தால் மாற்றித் தாருங்கள். ஈரம்தான் என்றால் எந்த இடத்தில் என்று படத்தோடு எழுதித் தாருங்கள், அதற்குமேல் நான் பேச மாட்டேன்.

தம்பியின் நோட்டை இந்த முறை நகலெடுத்துப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறேன். எந்தத் தேதி என்று இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி