பிறந்தநாள் கேக்குக்குக் கத்தி கொடுக்கிறார்கள், வட்டிலப்பத்துக்கு மட்டும் ஏன் தடை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தப் பகுதியில் குப்பை, பஸ், தண்ணீர்க் கட்டணம் என்று பெரிய விஷயங்களைத்தான் வாசகர்கள் எழுதுவார்கள். நான் எழுத வந்தது ஒரு கிண்ணம் வட்டிலப்பம் என்கிற இனிப்பைப் பற்றி. சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

நாங்கள் ஐந்து பேர். தொண்ணூறுகளில் கொழும்புக் கோட்டையில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர்கள். இப்போது மூன்று பேர் ஓய்வு பெற்றுவிட்டோம், மற்ற இருவரும் எப்போது ஓய்வு கிடைக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்திலிருந்தே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சந்திப்பது வழக்கம். வீட்டில் விருந்து வைத்தால் யாராவது ஒருவருடைய மனைவிக்குக் கரைச்சல், கடை என்றால் எல்லோருக்கும் நிம்மதி. பெரிய ஹோட்டல் எல்லாம் இல்லை. கொத்துரொட்டி போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே காதில் விழாத மாதிரிக் கடை. போய் உட்கார்ந்ததும் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், கடலை வடை என்று ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். எடுத்ததற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். யார் எத்தனை எடுத்தது என்பதில் எங்களுக்குள்தான் சண்டை வந்திருக்கிறது, கடையோடு ஒரு நாளும் வந்ததில்லை. அப்புறம் முட்டை அப்பம், கட்டா சம்பல், இரண்டு கொத்தை ஐந்தாகப் பிரித்தல், பிளேன்டீ. இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது.

இதில் பெருநாள் மாதங்கள் தனி. யாருக்குப் பெருநாளோ அவர் வீட்டுப் பலகாரம் அந்தச் சனிக்கிழமை கடைக்கு வரும். இது எப்போது தொடங்கியது என்று எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மருதானையில் இருக்கிற முஸ்லிம் நண்பரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டு வருவார். கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலமும் சேர்த்து ஆவியில் வைத்தது, மேலே கஜு. கடையில் வாங்குகிற வட்டிலப்பம் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகிப்போய் இருக்கும். நானாவின் வீட்டு வட்டிலப்பத்தைக் கரண்டியால் தொட்டால் உள்ளே சின்னச் சின்னத் துளைகளில் பாணி ஊறி நிற்பது தெரியும்.

கொட்டாஞ்சேனை நண்பர் கத்தோலிக்கர். நத்தாருக்கு ரவையும் கஜுவும் சீனிப்பாகில் போட்ட பூசணி தோசியும் சேர்த்த கேக் கொண்டு வருவார். அவருடைய மனைவி அதற்குப் பிராந்தி ஊற்றுவார், ஆனால் நானாவுக்காகப் பிராந்தி இல்லாமல் தனியாக ஒரு சின்னத் தட்டு சுட்டு, அந்தத் துண்டுகளை மட்டும் பச்சைத் தாளில் சுற்றி அனுப்புவார். மற்றவை சிவப்புத் தாள். எத்தனையோ வருடமாக இந்தப் பச்சைத் தாள் மாறவில்லை. தெஹிவளை நண்பர் சிங்களவர், சித்திரையில் கொக்கிஸும் கொண்டை வைத்த கவுமும் அவருடைய பொறுப்பு. தீபாவளிக்கு என் வீட்டிலிருந்து பயற்றம் பணியாரமும் முறுக்கும் சீனி அரியதரமும் போகும். ஐந்தாமவர் பம்பலப்பிட்டியில் இருக்கிறார். அவர் வீட்டில் யாருக்கும் பலகாரம் சுட வராது. எந்தப் பெருநாள் என்றாலும் கடையில் வாங்கிய மஸ்கற் பெட்டி ஒன்றோடு வந்து மற்ற எல்லாருடையதையும் முதலில் தொடுகிறவர் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த முறை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை நாங்கள் போனது வழக்கமான கடைக்கு. பெயரை எழுதப் போவதில்லை, அந்தக் கடையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், பெயரைக் கெடுக்க மனம் வராது. அண்மையில் கடையைப் பெரிதாக்கிக் குளிரூட்டியும் பூட்டிவிட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் புதிதாக ஒரு போர்ட், சிங்களத்திலும் தமிழிலும்: ‘வெளி உணவுகளுக்கு அனுமதி இல்லை’. அது எங்களுக்கு இல்லை, பக்கத்துக் கடையில் புரியாணி பார்சல் வாங்கிக்கொண்டு வந்து இங்கே குளிரில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு என்று நினைத்தோம். சாப்பாடு முடிந்து நானா பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தார். பரிமாறுகிற தம்பி ஓடிவந்தான். பதுளைப் பக்கத்துப் பையன், எங்களை நன்றாகத் தெரியும். “ஐயா, குறை நினைக்காதீங்க, வெளிச் சாப்பாடு இங்க சாப்பிட ஏலாது” என்றான். முகத்தைப் பார்த்தால் எங்களைவிட அவனுக்குத்தான் வெட்கம். முகாமையாளரோ கல்லாவில் இருந்தபடியே போர்டைக் கையால் காட்டினார், எழுந்துகூட வரவில்லை.

நானா ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திரும்பப் போட்டார். ஐந்து பேருக்கு 7,400 ரூபாவும் சொச்சமும் பில், அதில் 10 சதவீதம் சேவைக் கட்டணம். கொடுத்துவிட்டு வந்தோம்.

வெளியே வந்து மெரைன் டிரைவ் பக்கம் நடந்து, ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துக் கட்டின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். கரண்டி இல்லை. தேநீர் விற்கிறவரிடம் ஆறு காகிதக் கோப்பை வாங்கி, ஒன்றைக் கிழித்து அதையே கரண்டியாக்கி ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டோம். காற்றில் தெஹிவளை நண்பரின் கோப்பை பறந்து தண்டவாளத்தில் விழுந்து, அதன் மேல் ரயிலும் போய்விட்டது. அவர் தன் பங்குக்கு இன்னொரு கோப்பை கேட்டுச் சண்டை பிடித்தார். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு குறை. வழக்கமாகக் கிண்ணம் திறந்தால் முதல் பங்கு எங்களுக்கு இல்லை, பரிமாறுகிற பையன்களுக்கும் கொத்துப் போடுகிறவருக்கும் உள்ளே அனுப்புவோம். பெருநாளுக்கு ஊருக்குப் போக முடியாமல் கொழும்பில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். இந்த முறை அவர்களுக்கு ஒன்றும் போகவில்லை.

கடைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. யாராவது வெளியிலிருந்து கொண்டு வந்ததைச் சாப்பிட்டு வயிறு கெட்டால் பழி கடைக்குத்தான் வரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கடைக்குத்தான் வருவார். சைவக் கடையில் வட்டிலப்பத்தைத் திறந்தால் முட்டை பிரச்சினை, ஹலால் கடையில் நத்தார் கேக்கைத் திறந்தால் பிராந்தி பிரச்சினை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். சைவக் கடைக்குப் போகிற மாதம் நாங்களே பார்த்துத்தான் கொண்டு போவோம். ஆனால் நான் சொல்கிற கடை கோழிக் கொத்தும் முட்டை அப்பமும் போடுகிற கடை, வட்டிலப்பத்தில் இருக்கிற முட்டை அங்கே என்ன பாவம் செய்தது? மேசைக்கு ஆள் காத்திருக்கும்போது பலகாரப் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு மணித்தியாலம் கதைப்பவர்களைக் கடைக்காரருக்குப் பிடிக்காது என்றால் அதுவும் சரிதான். 2022 இல் எரிவாயு இல்லாமல் எத்தனை கடைகள் மூடிக் கிடந்தன, திறந்தவையும் விறகில் சமைத்தன என்று பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு பெறுமதி சேர் வரி ஏறி ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதத்துக்கு வந்து நின்றது. கடை நடத்துகிறவருக்கு ஒவ்வொரு மேசையும் காசு, அதை மறுக்கவில்லை.

எனக்குப் புரியாதது வேறொன்று. அன்று எங்கள் மேசைக்கு இரண்டு மேசை தள்ளி ஒரு பிள்ளையின் பிறந்தநாள். பெரிய கேக் பெட்டி, வெளியே ஒரு பேக்கரியில் செய்தது, பெட்டியில் பேக்கரியின் பெயரே பெரிதாக இருக்கிறது. அதற்குக் கடைக்காரர்கள் கத்தி கொண்டு வந்து கொடுத்தார்கள், தட்டு கொடுத்தார்கள், விளக்கை அணைத்தார்கள், பாட்டும் போட்டார்கள், எங்களை விரட்டிய அதே முகாமையாளர் எழுந்து நின்று கை தட்டினார். பிள்ளை சந்தோஷமாக இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேக்கும் வெளிச் சாப்பாடுதானே? அதிலும் முட்டைதானே? பேக்கரி கேக்கால் வயிறு கெடாது, வீட்டு வட்டிலப்பத்தால்தான் கெடும் என்று யார் சொன்னது? உண்மையில் பிறந்தநாள் என்றால் கடைக்குக் கூட்டம் வரும், 20 பேருக்கு ஓடர் வரும், அதனால் போர்ட் கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் ஐந்து கிழவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த நோன்புப் பெருநாளுக்கு நானா போன் எடுத்து, இந்த முறை வரவில்லை, நிலைமை சரியில்லை, ஒரு முஸ்லிம் ஆள் பையில் கிண்ணத்தோடு காலி வீதியில் நடந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்றார். கொட்டாஞ்சேனை நண்பர் அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் போகிறவர், அவருக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவர்தான் ஓட்டோ பிடித்து மருதானைக்குப் போய், நானாவையும் கிண்ணத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். கடை வாசலில் அப்போது பை எல்லாம் சோதிப்பார்கள். காவலாளி கிண்ணத்தைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தோம். பார்த்துவிட்டுச் சிரித்து, போங்கள் என்று கையைக் காட்டினார். உள்ளே போய் அவருக்கும் ஒரு பங்கு அனுப்பினோம். அன்று திறந்து காட்டச் சொன்ன அதே கடையில் இன்று திறக்க வேண்டாம் என்கிறார்கள். நானா இதைச் சொல்லித்தான் அன்றிரவு மெரைன் டிரைவில் சிரித்தார், நாங்களும் சிரித்தோம், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கொழும்பில் வெளியார் உணவு என்றால் பயப்படுகிறவர்களா நாங்கள்? பௌத்தர்களின் வெசாக்குக்கு வீதிக்கு வீதி தன்சல் என்கிற இலவச உணவுப் பந்தல் போட்டு யார் எவர் என்று பார்க்காமல் மரவள்ளிக்கிழங்கும் ஐஸ்கிறீமும் கொடுக்கிற ஊர் இது. அதற்கும் ஒழுங்கு இருக்கிறது, தன்சல் போடுகிறவர்கள் சுகாதாரப் பகுதியில் முன்கூட்டியே பதிய வேண்டும், பரிசோதகர் வந்து பார்ப்பார். ஒழுங்கு வைப்பது வேறு, போர்டைக் காட்டுவது வேறு. கடைகள் பண்டிகை வாரங்களில் மட்டும் ஒரு வழி செய்யலாம். முதலே போன் பண்ணிச் சொன்னால் வீட்டுப் பலகாரம் ஒன்று கொண்டு வரலாம், சோறு கறி கூடாது, இனிப்பு, பலகாரம் மட்டும், கொண்டு வந்தவர் மேசையிலேயே முடிக்க வேண்டும் என்று வைக்கட்டும். தட்டுக்கும் கரண்டிக்கும் ஆளுக்கு ஒரு சிறு தொகை கேட்டால் தருகிறோம், 10 சதவீதம் கொடுக்கிறவர்களுக்கு அது பெரிதில்லை. கூட்டமான நேரம் என்றால் அரை மணித்தியாலத்தில் எழும்பச் சொல்லட்டும், எழும்புகிறோம் (எங்கள் பம்பலப்பிட்டி நண்பரை எழுப்புவது கஷ்டம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்). அதெல்லாம் முடியாது என்றால் கேக்குக்கும் அதே சட்டத்தைப் போடட்டும், வாய் திறக்க மாட்டேன்.

கடை நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் இந்தப் பகுதியிலேயே பதில் எழுதுங்கள். எனக்குத் தெரியாத காரணம் ஏதும் இருந்தால் தெரிந்துகொள்கிறேன். ஏப்ரல் 14 ஆம் திகதி சித்திரைப் புத்தாண்டு, அதற்கு அடுத்த சனிக்கிழமை கொக்கிஸும் கவுமும் வரப் போகின்றன, எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. தெஹிவளை நண்பர் அதே கடைக்கே போகலாம், கொக்கிஸைப் பையோடு மேசைக்குக் கீழே வைத்துச் சாப்பிடலாம் மச்சான் என்கிறார். கொக்கிஸ் கடித்தால் என்ன சத்தம் வரும் என்று அவருக்குத் தெரியாததா?

நானாவின் கிண்ணம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. மெரைன் டிரைவில் அவர் மறந்துவிட்டுப் போனதை நான் எடுத்து வந்தேன். கழுவி வைத்தாயிற்று. வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார், நேற்றுப் பயறு வறுத்து மா இடித்து வைத்திருக்கிறார். பயற்றம் பணியாரம் ஒரு 30 அதில் கொள்ளும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்