இடாப்பில் யாருடைய பெயர்? கமநல அதிகாரிகளுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கமநல அபிவிருத்தி அதிகாரிகளுக்கும், கமக்காரர் அமைப்புகளின் தலைவர், செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் நெருங்கிவரும் இவ்வேளையில், விதைப்புத் திகதி, நீர் திறப்பு, கால்நடைகளை அப்புறப்படுத்தல் என்று வழக்கமாகப் பேசப்படுபவற்றோடு இன்னொரு விடயத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஒவ்வொரு கண்டத்திலும், அதாவது ஒவ்வொரு வயல்வெளியிலும், காணிக்காரரையும் அதைச் செய்பவரையும் பதியும் பதிவேடான விவசாயக் காணி இடாப்பு எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிக்கப்பட வேண்டும். எந்தக் காணியை உண்மையில் யார் செய்கிறார் என்பதை அந்தக் கண்டத்து மக்களே உறுதிப்படுத்த வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. காணிக்காரர் வாவியின் கிழக்கே எழுவான்கரையிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். ஏக்கருக்கு இத்தனை மூடை என்று வாய்ப்பேச்சிலேயே குத்தகை முடிந்துவிடும். கடன்பட்டு விதைத்து, யானைக்குக் காவலாக வாடியில் இரவைக் கழிப்பவர் ஒருவர்; உர மானியப் பட்டியலிலும் வெள்ள நட்டஈட்டுப் பட்டியலிலும் இருக்கும் பெயர் வேறொருவருடையது. கணவனை இழந்த பின்னரும் அதே குத்தகைக் காணியைத் தொடர்ந்து செய்துவரும் பெண்களின் நிலை இதைவிடக் கடினமானது. கூட்டத்துக்கு அவர்களை அழைப்பவர்கூட இல்லை. வெள்ளம் வடிந்த பின் சேதம் பார்க்க வருபவர் வரம்பில் நின்று முதலில் கேட்பது, "காணி யாருடைய பெயரில்?" என்பதுதான். அழுகிக் கிடக்கும் பயிர் யாருடையது என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இடம்பெறுவதில்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்து, குத்தகைக்கு உச்சவரம்பு விதித்ததோடு நில்லாமல், அதை ஊரிலேயே நடைமுறைப்படுத்தப் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் உருவாக்கியது. சிங்களப் பகுதிகளில் வெல்விதானைமார் என்ற வயல் அதிகாரிகள் பார்த்துவந்த நீர்ப்பங்கீட்டு வேலையும் அக்குழுக்களிடமே சென்றது. ஆனால் குழுக்கள் காலூன்றும் முன்பே பல இடங்களில் குத்தகைக்காரர் வெளியேற்றப்பட்டார்கள். நிலத்துக்காகப் போடியார் என்ற பெருங்காணிக்காரரையும், வேலைக்காக அவருடைய வயல் மேற்பார்வையாளரான முல்லைக்காரரையும், கடனுக்காக இருவரையும் நம்பியிருந்த ஒருவர், தனியாகக் கந்தோருக்குச் சென்று முறைப்பாடு எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தது நியாயமில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று, "இந்த வயலை இவர்தான் செய்கிறார், எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல நாலு பேர் தேவைப்பட்டார்கள். குழுவின் பெறுமதி அதில்தான் இருந்தது.

பின்னர், 1973 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் குழு உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள்; குழுக்கள் கட்சி வண்ணம் பெற்றன. 1979 ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம் அவற்றின் வேலையை உத்தியோகத்தர்களிடம் ஒப்படைத்தது. இன்றுள்ள 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக்காரரின் உரிமையை ஏற்கிறது, காணி இடாப்பைச் சான்றாக மதிக்கிறது, கமக்காரர் அமைப்புகளுக்கு இடம் தருகிறது. ஆகவே நான் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை.

ஊர்க் குழுக்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1981 இல் அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால் தோறும் கமக்காரர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்தார்கள். பிரதிநிதியை வாக்கெடுப்பின்றி எல்லோரும் ஒத்துத் தெரிவுசெய்தார்கள், தூர்ந்த வாய்க்கால்களைத் தாங்களே துப்புரவாக்கினார்கள், தண்ணீர் குறைந்த அந்தப் போகத்தில் முறைவைத்துப் பாய்ச்சினார்கள். தலைவாய்க்கால் சிங்களக் கமக்காரர்கள் மிச்சம் பிடித்த நீர் கடைவாய்க்கால் தமிழ்க் கமக்காரர்களின் வயலுக்கும் வந்து சேர்ந்தது. கல்லோயாவின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தின் நீரைப் பகிரத் தெரிந்த மக்களுக்கு, யார் எந்த வயல் வரவையைச் செய்கிறார் என்று சொல்லத் தெரியாதா?

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஜப்பானில் 1946 இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தத்தின்போது, ஊர்தோறும் அமைந்த பத்துப் பேர் கொண்ட நிலக் குழுவில் ஐவர் குத்தகைக்காரராகவும், மூவர் நிலக்கிழாராகவும், இருவர் சொந்த நிலத்தில் பயிர் செய்பவராகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே வகுத்திருந்தது. நமது கமக்காரர் அமைப்புகள் பலவற்றின் நிர்வாகத்தில் குத்தகைக்குச் செய்பவர்களைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. நிர்வாகத்தில் பாதிப் பேராவது அவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது எனது கோரிக்கை.

எல்லாக் காணிக்காரரும் போடியார் அல்லர் என்பதை நான் அறிவேன். இடம்பெயர்ந்து போன குடும்பங்கள், இரண்டு ஏக்கரை நம்பியிருக்கும் ஓய்வுபெற்றவர்கள், குத்தகைக்காரரின் பெயர் பதிவானால் காணியே போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். பதிவு காணி உறுதிப்பத்திரத்தை மாற்றாது, உடைமை உடையவரிடமே இருக்கும் என்பதை அதே கூட்டத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு உத்தியோகத்தர்களுடையது. அந்த அச்சம் தீராதவரை வாய்ப்பேச்சுக் குத்தகையும் தீராது.

இவ்வாண்டு ஆரம்பக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இடாப்பு வாசிப்பைச் சேர்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே கண்டத்துக்குரிய பட்டியலைக் கமநல சேவை நிலையத்திலும் கோயில், பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டி, ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்திலேயே சொல்லவும், சொன்னவை கூட்ட அறிக்கையில் பதியப்படவும் ஒழுங்கு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
போரதீவுப்பற்றிலிருந்து ஒரு குத்தகைக் கமக்காரர்