அண்ணியின் முழங்காலும் உறைய வைக்கும் ஊசியும்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எல்லாரும் சுகம் என்று படித்ததும் நிம்மதி. இங்கும் குறையில்லை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூட்டமாகப் போக இப்போதே பேச்சு நடக்கிறது.

உன் அண்ணிக்கு முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள், அதற்கு முன், பின்னால் வரும் வலி குறைய நரம்பைக் குளிரால் உறைய வைக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். நீயும் வார்டில் வேலை பார்த்தே ஆயுசைக் கழித்தவள், அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். செய்யலாம். ஆனால் அது முழங்காலின் முன்பக்கத்துக்கு மட்டுமே மருந்து. இதைத் தெரியாமல் போகிறவர்கள்தான் பிறகு ஏமாந்துபோகிறார்கள்.

முன்பக்கத் தோலுக்கும் அதன் அடித்திசுவுக்கும் உணர்ச்சி கொண்டுவருபவை முக்கியமாக இரண்டு: சஃபீனஸ் நரம்பிலிருந்து பிரிந்து முழங்கால் சில்லுக்குக் கீழே போகும் கிளை, தொடையின் முன்புறத் தோல் நரம்பு. இரண்டும் உணர்ச்சி நரம்புகள். தசையை அசைக்கும் வேலை அவற்றுக்கு இல்லை. அதனால் உறைய வைத்தாலும் கால் பலம் குறையாது, தொடைத் தசை சோராது, மறுநாளே எழுந்து நடக்கலாம். மூட்டின் பின்புற உறைக்கும் உள் எலும்புக்கும் வேறு நரம்புகள் போகின்றன. அந்த வலியை இந்த ஊசி தொடாது. ஆகவே அறுவையன்று தொடை நரம்பை மரக்க வைக்கப் போடும் அடக்டர் கெனால் பிளாக், மூட்டைச் சுற்றி மயக்க மருந்து செலுத்துவது, பாராசிட்டமால் இவையெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒன்றையும் நிறுத்தக் கூடாது.

பிளாக் எத்தனை நேரம் நிற்கும் என்று உனக்கே தெரியும். அதில் போடும் பியூபிவகெயின் என்ற மரப்பு மருந்து அரை நாளோ ஒரு நாளோ தாங்கும். முழங்காலுக்கோ முதல் இரண்டு வாரம்தான் கொடுமை, அதிலும் மடக்கும் பயிற்சியின்போது. வலிக்குப் பயந்து மடக்காமல் விட்டால் தழும்பு இறுகிவிடும், பிறகு எத்தனை பயிற்சி செய்தாலும் மடங்காது. உறைய வைத்த நரம்போ வாரக்கணக்கில் மரத்திருக்கும். எனக்கு இதில் பிடித்தது அந்த வாரங்கள்தான். ட்ராமடால் போன்ற வலி மாத்திரைகளைக் குறைத்துக்கொண்டு பயிற்சி செய்ய அவை வழி விடுகின்றன.

வேலை இப்படி நடக்கிறது. கைக்கருவியின் ஊசிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு திரவம் ஆவியாகிறது. அதன் கொதிநிலை சுமார் −88 டிகிரி செல்சியஸ். ஊசியின் முனை அடைபட்டிருப்பதால் வாயு உடம்புக்குள் போகாது, முனையைச் சுற்றிச் சிறு பனி உருண்டை மட்டும் உருவாகும். குளிரில் நரம்பின் உள்ளிழையான ஆக்ஸான் சிதைந்துபோகும், ஆனால் அதைச் சுற்றிய உறைகள் நிலைத்திருக்கும். அந்த உறையைக் குழாய்போலப் பிடித்துக்கொண்டு இழை நாளுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர்கிறது. 10 சென்டிமீட்டர் வளர வேண்டுமென்றால் 50 முதல் 100 நாள். இரண்டு மூன்று மாதம் என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

வெப்பநிலைதான் இதில் உயிர்நாடி. −20 டிகிரிக்கு மேலே நின்றுவிட்டால் நரம்பு கொஞ்ச நாள் மந்தமாகி, அறுவை வருவதற்குள் விழித்துக்கொள்ளும். −100 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் சாகும், அங்கே நியூரோமா என்ற முடிச்சு வளர்ந்து புது வலியே தொடங்கலாம். −196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை இங்கே பயன்படுத்தாததற்குக் காரணம் இதுதான். வெப்பத்தால் சுடும் ரேடியோ அதிர்வெண் சிகிச்சை வேறு, அதில் நரம்பின் உறைக்கும் சேதம் உண்டு.

உறைய வைக்கும் கருவி வளர்ந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமைதான். ஜொகனஸ்பர்க் பராக்வநாத் மருத்துவமனையில் டாக்டர் பெர்சி அமோய்ல்ஸ் 1960களில் கண்புரை அறுவைக்காகக் குளிர் கருவி உருவாக்கினார். நரம்பை உறைய வைத்து வலி நீக்குவதை இங்கிலாந்து மருத்துவர்கள் 1976இல் விரிவாக எழுதினார்கள்.

சிகிச்சை அரைமணி நேரத்துக்குள் முடியும், மருத்துவமனையில் தங்க வேண்டாம். சில்லின் கீழ்முனையிலிருந்தும் கால் எலும்பின் முன்மேட்டிலிருந்தும் உட்புறமாகச் சுமார் 5 சென்டிமீட்டர் அளந்து கோடு போடுவார்கள். தொடைப்பக்கம் சில்லின் அகலத்துக்கு இன்னொரு கோடு. தோலில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து போட்டு, கோட்டின்மேல் அடுத்தடுத்து ஊசி குத்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேலோ குறைவோ உறைய வைப்பார்கள். அல்ட்ராசவுண்டு வைத்து நரம்பைக் கண்ணால் பார்த்துச் செய்பவரிடம் போகச் சொல். கிளை போகும் பாதை ஆளுக்கு ஆள் மாறும், வெறும் அளவுகோலை நம்பினால் தப்பும். ஊசியை உருகும் முன்பே இழுத்தால் திசு அதோடு ஒட்டிக் கிழியும், அதனால் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். தோலுக்கு மிக அருகில் உறைந்தால் கருத்த தழும்போ குழியோ விழும். நம் மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும்.

நாள் கணக்கையும் கேட்டுக்கொள். அறுவைக்கு ஐந்து நாள் முதல் இரண்டு வாரம் முன்பாகச் செய்வது நல்லது. குத்திய இடம் ஆறி, ரத்தக்கட்டு வற்றிய பிறகே கத்தி வைக்க வேண்டும். அங்கே புண் இருந்தால் அறுவையே தள்ளிப்போகும்.

இதன் பலன் எல்லாருக்கும் ஒன்றுபோல இல்லை. 2021இல் வெளியான ஒரு சோதனையில் 124 பேரை, உறைய வைப்பவர்கள், வைக்காதவர்கள் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒதுக்கிய எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சாப்பிட்ட வலி மாத்திரையின் அளவில் தெளிவான வித்தியாசம் வரவில்லை, திட்டப்படி நடந்துகொண்டவர்களிடம் வந்தது. நான் இதைக் கைவிட வேண்டிய ஆதாரமாகப் பார்க்கவில்லை. ஆனால் பெரிய செலவு என்றால் தயங்கலாம். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீட்டின் முன்அனுமதியை எழுத்தில் வாங்கு, வாய்ச்சொல் போதாது.

குளிர் பட்டதும் தோல் தடிக்கும் ஒவ்வாமை, விரல் வெளுக்கும் ரேனோ நோய், கிரையோகுளோபுலின் ரத்தக் கோளாறு, குளிரால் ரத்தம் உடையும் நோய் இவற்றில் ஒன்றிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்று டாக்டருக்குக் கட்டாயம் தெரியப்படுத்து. உன் அண்ணிக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதம் எரிகிறது என்றால் முன்பே உணர்ச்சியைச் சோதித்து எழுதி வைக்கச் சொல். இல்லாவிட்டால் பிறகு மரத்தது ஊசியாலா, சர்க்கரையாலா என்று யாருக்கும் தெரியாது. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது, சுட்டாலும் தெரியாமல் கொப்புளித்துவிடும். ஐஸ் பையையும் துணி சுற்றித்தான், நேரம் பார்த்து.

இன்னொன்று, அவர் கவலைப்படுவார் என்பதால் சொல்கிறேன். நடுவில் நேராகக் கீறும்போது அந்தச் சில்லுக்குக் கீழான கிளை பெரும்பாலும் அறுபட்டுப்போகும். தழும்பின் வெளிப்புறம் உள்ளங்கை அளவு மரத்தே இருந்தால் அது அறுவையின் வழக்கமான விளைவு, ஊசியின் குற்றம் இல்லை. அறுபட்ட அந்த உணர்வு ஒரு பகுதி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கோயிலில் மண்டியிட்டு உட்காரலாமா என்று கேட்டிருந்தாய்: புது மூட்டில் மண்டியிடுவது பலருக்கும் இடைஞ்சலாகவே இருக்கும், நாற்காலி வாங்கித் தயாராக வைக்கச் சொல்.

அவர் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கடைசி மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கையும் எனக்கு அனுப்பு. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை உனக்குத் திருத்தி எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
கமலா